உடையத் தெரிந்த உறுதி

கொரோனா காலத்தில் சானிடைசர் குப்பிகள் வீட்டு வாசல்வரை வந்தபோது, கூடவே ஒரு அறிவியல் பாடமும் வந்தது. கொரோனா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம் இருக்கிறது. சோப்பும் ஆல்கஹாலும் அதைக் கரைத்துவிடும். படலம் போனால் வைரஸும் போயிற்று. பாடம் சரிதான். ஆனால் சானிடைசர் தடவினால் எந்த வைரஸும் சாகும் என்று பலர் அதிலிருந்து எடுத்துக்கொண்ட முடிவு தவறு. போலியோ, ரோட்டா, நோரோ, மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும் ஹெபடைடிஸ் ஏ, ஹெபடைடிஸ் இ, நாம் ‘மெட்ராஸ் ஐ’ என்று சொல்லும் கண்நோய்க்குப் பெரும்பாலும் காரணமான அடினோ, கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குப் பின்னால் இருக்கும் பாப்பிலோமா, நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போகும் பார்வோ ஆகிய எதற்கும் அந்தக் கொழுப்பு உறை கிடையாது. மரபுப்பொருளும் அதை மூடிய புரதக் கூடும் மட்டுமே இவற்றின் உடம்பு. உறை இல்லாததால் கரைப்பதற்கு ஒன்றுமில்லை, ஆகவே இவை உறுதியானவை என்று பாடநூல்கள் ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. அந்த வரி பாதி உண்மைதான் என்பது இக்கட்டுரையின் வாதம். உறையற்ற வைரஸின் கூடு வெளியுலகில் தாக்குப்பிடிக்க வேண்டும். அதே கூடு உரிய செல்லைத் தொட்டதும் தானாகவே திறந்துகொடுக்கவும் வேண்டும். இவ்வகை வைரஸ்களின் பண்புகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு தேவைகளுக்கும் இடையிலான இழுபறியிலிருந்து பிறந்தவை. உறுதியை மட்டும் பார்க்கிறவர்களுக்கு அவற்றில் பாதி புரியாமலே போகும்.

முதலில் கூடு எப்படிக் கட்டப்படுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். போலியோ வைரஸின் விட்டம் சுமார் 30 நானோமீட்டர். அதன் ஆர்.என்.ஏ. ஏறத்தாழ 7,500 எழுத்து நீளம். மூன்று எழுத்துக்கு ஓர் அமினோ அமிலம் என்ற கணக்கில், அத்தனை எழுத்துகளையும் பயன்படுத்தினாலும் சுமார் 2,500 அமினோ அமிலங்களுக்குத்தான் குறிப்பு எழுத முடியும். ஆனால் அந்த ஆர்.என்.ஏ.வை மூடியிருக்கும் கூட்டில் 50,000க்கும் மேற்பட்ட அமினோ அமிலங்கள் இருக்கின்றன. தன்னைவிடப் பல மடங்கு பெரிய வீட்டுக்கான வரைபடத்தை இவ்வளவு சின்னத் தாளில் எழுத முடியாது. ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப அடுக்கினால் மட்டுமே கணக்கு சரிவரும். வாட்சனும் கிரிக்கும் 1956இல் இதைத்தான் சொன்னார்கள்: சிறிய வைரஸ்களின் கூடு ஒரே மாதிரியான பல துணைக்கூறுகளால் ஆனதாகவே இருக்க வேண்டும், அப்படியானால் அதில் ஒழுங்கான சமச்சீர் இருந்தே தீரும். கூட்டின் உருவத்தை யாரும் அணு அளவில் பார்ப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, மரபுப்பொருளின் சிக்கனத்திலிருந்து மட்டும் தர்க்கமாக வந்த முடிவு இது. நவீன உயிரியலின் அழகான ஊகங்களில் ஒன்று என்று நான் மதிப்பது இதனால்தான்.

அந்த ஊகத்துக்கு உறையற்ற வைரஸ்களே சாட்சி சொன்னது தற்செயலல்ல. கொழுப்பு உறை நெகிழ்வானது. ஒரே வைரஸின் இரண்டு துகள்கள்கூட அச்சில் வார்த்ததுபோல ஒத்திருக்காது. அதனால் படிகமாக்குவது கடினம். புரதக் கூடு மட்டும் உள்ளவை அப்படியல்ல. வெண்டல் ஸ்டான்லி 1935இல் புகையிலைத் தேமல் வைரஸைப் படிகமாக்கிக் காட்டினார். அதன் 2,130 புரதத் துண்டுகள் ஆர்.என்.ஏ.வைச் சுற்றிச் சுருள்படிக்கட்டாக ஏறி, 300 நானோமீட்டர் நீளமுள்ள குழலாகின்றன. புரதத்தையும் ஆர்.என்.ஏ.வையும் தனித்தனியே பிரித்து, மறுபடி ஒரே குழாயில் கலந்தால், நோயுண்டாக்கும் முழு வைரஸ் தானாகவே உருவாகிறது என்று 1955இல் ஃபிராங்கல்-கான்ராட்டும் வில்லியம்ஸும் நிரூபித்தார்கள். கட்டுவதற்கு வெளியிலிருந்து கொத்தனார் வேண்டியதில்லை. கட்டும் விதி துண்டுகளின் வடிவத்திலேயே இருக்கிறது. ரோசலிண்ட் ஃபிராங்க்ளின் தம் கடைசி ஆண்டுகளில் ஆராய்ந்ததும் இதே வைரஸைத்தான். 1958இல் அவர் இறந்தபோது போலியோ வைரஸ் மீதான வேலையும் தொடங்கியிருந்தது. அதை அவருடைய சகாக்கள் முன்னெடுத்தார்கள்.

உருண்டை வடிவக் கூடுகளுக்கான இலக்கணத்தை 1962இல் காஸ்பரும் குளூக்கும் வகுத்தார்கள். ஒரே மாதிரியான துண்டுகளைக் கொண்டு மூடிய உருண்டை கட்ட, இருபது முக்கோண முகங்கள் கொண்ட வடிவமே மிகச் சிக்கனமானது. கண்டிப்பான சமச்சீரில் அதற்கு 60 துண்டுகள் போதும். நாய்களின் பார்வோ வைரஸ் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. இதைவிடப் பெரிய கூடு வேண்டுமென்றால் துண்டுகள் ஒன்றையொன்று சற்றே மாறுபட்ட கோணங்களில் பற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். அந்தச் சிறு விட்டுக்கொடுத்தல் இருந்தால் 60இன் குறிப்பிட்ட மடங்குகளில் கூடு வளரலாம் என்பதே அவர்கள் கண்ட விதி. எல்லா வைரஸும் இந்த இலக்கணத்துக்கு அப்படியே அடங்கவில்லை. பாப்பிலோமா வைரஸின் கூட்டில் ஐந்தைந்தாகச் சேர்ந்த 72 தொகுதிகள், மொத்தம் 360 துண்டுகள் உள்ளன. விதிப்படி ஆறு அண்டைத் தொகுதிகள் சூழ்ந்த இடத்திலும் ஐந்தாலான தொகுதியே உட்கார்ந்திருக்கிறது. அடினோ வைரஸ் 240 மூவிணைத் தொகுதிகளையும், பன்னிரண்டு முனைகளிலிருந்து நீளும் இழைகளையும் கொண்டு 90 நானோமீட்டர் உருவமாகிறது. ரோட்டாவோ ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று கூடுகள் கொண்டது. விதியை மீறும் இவையும் மையக் கருத்தைக் கைவிடவில்லை: குறைந்த குறிப்பு, நிறைய பிரதிகள், தானே இணையும் பாங்கு. தக்காளியைத் தாக்கும் ஒரு வைரஸின் அமைப்பு 1978இல் அணு அளவில் தெரியவந்தது. 1985இல் சளிக்குக் காரணமான ரைனோ வைரஸும் போலியோ வைரஸும் அடுத்தடுத்து வெளியாயின. செடியில் வாழும் வைரஸும் மனிதனில் வாழும் வைரஸும் தம் கூட்டுப் புரதத்தை ஏறத்தாழ ஒரே விதமாக மடித்து வைத்திருப்பது அப்போது தெரிந்தது.

இதுவரை சொன்னது கட்டும் கதை. இத்துடன் நிறுத்திக்கொண்டால், கிடைப்பது கெட்டியான பெட்டி ஒன்றின் சித்திரம் மட்டுமே. ஆனால் உறை உள்ள வைரஸுக்கு இல்லாத ஒரு சங்கடம் இவற்றுக்கு உண்டு. உறை உள்ள வைரஸ் செல்லின் சவ்வோடு தன் கொழுப்புப் படலத்தை ஒட்டவைத்து, இரண்டும் ஒன்றாகிவிட, உள்ளே நுழைந்துவிடலாம். உறையற்றதற்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது; புரதக் கூடு சவ்வோடு கலக்காது. சவ்வைத் துளைக்கவோ கிழிக்கவோதான் வேண்டும். அதற்கான கருவிகளைக் கூட்டுக்குள்ளேயே ஒளித்துவைத்து, சரியான இடத்தில் மட்டும் வெளியே எடுக்க வேண்டும். போலியோ வைரஸ் செல்லின் மேற்பரப்பில் உள்ள தன் ஏற்பியைப் பற்றியதும், கூடு சற்றே விரிந்து உருமாறுகிறது. உள்ளே மறைந்திருந்த மிகச் சிறிய கூட்டுப் புரதமும், மற்றொன்றின் நுனியும் வெளியே வந்து சவ்வில் பதிந்து துளையிடுகின்றன, ஆர்.என்.ஏ. வெளியேறுகிறது. அடினோ வைரஸ் முதலில் இழைகளை உதிர்த்து, முனைகளை இழந்து, உள்ளிருந்து விடும் ஒரு புரதத்தால் செல்லின் உட்பையைக் கிழிக்கிறது. பார்வோ வைரஸின் புரதத்தில் கொழுப்பைச் சிதைக்கும் நொதியே ஒரு பகுதியாக இருக்கிறது. ரோட்டாவின் கதை இன்னும் நுட்பமானது. நம் குடலில் உணவைச் செரிக்கச் சுரக்கும் டிரிப்சின், அதன் முள்புரதத்தை வெட்டி அதன் தொற்றும் திறனைக் கூட்டுகிறது. வெளிக்கூட்டைப் பிணைத்து நிறுத்துவது கால்சியம். செல்லுக்குள் போனபின் கால்சியம் குறைய, வெளிக்கூடு கழன்று விழுகிறது. உள்ளிரண்டு கூடுகளும் கடைசிவரை திறப்பதே இல்லை. அவற்றுக்குள்ளிருந்தபடியே வைரஸ் தன் செய்திகளை எழுதி வெளியே அனுப்புகிறது. இந்தக் கூட்டை விதைக்கு ஒப்பிடலாம்: காய்ந்து கிடக்கும்வரை அசையாது, ஈரம் பட்டதும் உள்ளிருந்தே பிளக்கும்.

உடைவதற்கான ஆயத்தம் கூட்டின் பிறவிக்குணம் என்பதற்கு வலுவான சான்றுகள் உண்டு. உடல் வெப்பத்தில் போலியோ கூடு அசையாமல் இருப்பதில்லை. உள்ளே இருக்க வேண்டிய பகுதிகள் அவ்வப்போது வெளியே தலைகாட்டி மறுபடி உள்ளே போகின்றன என்று 1990களில் கண்டறிந்தார்கள். ரைனோ, போலியோ வகை வைரஸ்களின் கூட்டுப் புரதத்தில் ஒரு சிறு குழி உண்டு. பிளெக்கோனரில் என்ற மருந்து அந்தக் குழியில் போய் உட்கார்ந்ததும் கூடு முன்னைவிட உறுதியாகிவிடுகிறது, வைரஸோ செயலிழக்கிறது. இந்த உண்மையின் பொருளை யோசித்துப் பார்க்க வேண்டும். உறுதிதான் இந்த வைரஸின் பலம் என்றால், உறுதியைக் கூட்டும் மருந்து அதற்கு உதவியல்லவா செய்திருக்க வேண்டும்? மாறாக அது கொல்கிறது, ஏனெனில் திறக்க முடியாத கூடு சவப்பெட்டிதான். பாதுகாப்புக் காரணங்களால் 2002இல் அமெரிக்காவில் அந்த மருந்துக்கு அனுமதி மறுக்கப்பட்டது. ஆனால் அது சொல்லித்தந்த பாடம் நிலைத்துவிட்டது.

இனி வெளியுலகுக்கு வரலாம். இங்கேதான் உறையின்மை பொதுச் சுகாதாரக் கேள்வியாகிறது. வாய்வழி உள்ளே போய் மலத்தோடு வெளியேறும் வைரஸ் இரைப்பையின் அமிலத்தையும் பித்தநீரையும் செரிமான நொதிகளையும் கடந்தாக வேண்டும். பித்த உப்புகள் சோப்பைப் போலவே கொழுப்பைக் கரைப்பவை. கொழுப்பு உறையோடு அந்தப் பாதையில் போவது மிகக் கடினம். எனவேதான் குடலைக் குறிவைக்கும் வைரஸ்களில் பெரும்பாலானவை உறையற்றவையாக இருக்கின்றன. ஹெபடைடிஸ் ஏ வைரஸ் 60 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்தாலும் முழுதும் சாவதில்லை. 1988இல் ஷாங்காயில் சரியாக வேகாத சிப்பிகளைத் தின்றதால் சுமார் 3 லட்சம் பேருக்குக் காமாலை வந்தது. தில்லியில் 1955–56இல் யமுனை நீர் சாக்கடையோடு கலந்து, 29,000க்கும் மேற்பட்டோர் காமாலையில் விழுந்தார்கள். அந்த நாட்களில் நீரில் குளோரின் கூட்டியிருந்தார்கள்; டைஃபாய்டும் வயிற்றுக்கடுப்பும் பெருகவில்லை, காமாலை மட்டும் பெருகியது. பாக்டீரியாவுக்குப் போதுமான அளவு வைரஸுக்குப் போதவில்லை. அந்தத் தொற்று ஹெபடைடிஸ் இ என்பது பல ஆண்டுகள் கழித்துத்தான் உறுதியானது. குடிநீரின் தரத்தைக் கோலிஃபார்ம் பாக்டீரியாக்களின் எண்ணிக்கையால் மட்டும் அளக்கும் வழக்கத்தை இந்த ஒரு நிகழ்வே கேள்விக்குள்ளாக்குகிறது.

இரத்தப் பொருட்களின் வரலாறு இன்னும் கூர்மையான பரிசோதனை. 1980களில் ஹீமோபீலியா நோயாளிகள் பயன்படுத்திய இரத்த உறைவுக் காரணிகள் வழியாக எச்.ஐ.வி.யும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களும் பரவின. கரைப்பானையும் சோப்புப் பொருளையும் சேர்த்துக் கொழுப்பு உறையைக் கரைக்கும் முறையை நியூயார்க் இரத்த மையம் உருவாக்கியது; அந்த மூன்று வைரஸ்களும் அடங்கின, எண்ணற்ற உயிர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் அதே முறையில் சுத்திகரித்த மருந்துகளைப் போட்டுக்கொண்டவர்களுக்கு 1990களின் தொடக்கத்தில் இத்தாலி, ஜெர்மனி போன்ற நாடுகளில் ஹெபடைடிஸ் ஏ வந்தது. மனிதரைத் தாக்கும் பார்வோ பி19 வைரஸும் தடையில்லாமல் கடந்தது. உறையை மட்டும் குறிவைத்த ஆயுதம் உறையில்லாதவற்றைத் தொடவில்லை. பின்னால் வெப்பமூட்டலும் மிகநுண் வடிகட்டியும் சேர்க்கப்பட்டன. நம் அன்றாடத்துக்கும் இதே தர்க்கம் பொருந்தும். நோரோ பரவும் விடுதியிலும் மெட்ராஸ் ஐ பரவும் பள்ளியிலும் சானிடைசரை நம்பியிருப்பது போதாது. ஓடும் நீரில் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினால் வைரஸ் சாகாவிட்டாலும் கையிலிருந்து கழன்று நீரோடு போய்விடும். தரைக்கும் கழிப்பறைக்கும் பிளீச்சிங் பவுடர் வேண்டும். குளோரின் புரதத்தையும் மரபுப்பொருளையும் நேரடியாகத் தாக்குவது.

இவ்வளவு சொன்னபின் ஒரு எதிர்க்கேள்வி எழும். உறுதி உறையின்மையிலிருந்துதான் வருகிறது என்ற பழைய விளக்கத்தையே இந்தச் சான்றுகள் உறுதிப்படுத்துகின்றனவே? இல்லை. ரைனோவும் போலியோவும் இன்று ஒரே பேரினத்தில் வைக்கப்பட்டிருக்கும் உறவினர்கள். இரண்டுக்கும் உறை கிடையாது. 1985இல் வெளிவந்த அவற்றின் அமைப்புகள் அண்ணன் தம்பி போல ஒத்திருந்தன. போலியோ இரைப்பை அமிலத்தைத் தாண்டிக் குடலை அடைகிறது. ரைனோ அமிலம் பட்டதும் சிதைகிறது, குடலை எட்டுவதில்லை. மாடுகளின் கோமாரி வைரஸும் உறையற்றதே; சற்றே அமிலத்தன்மை கூடினால் போதும், அதன் கூடு ஐந்தைந்து துண்டுகளாகப் பிரிந்துவிடும். செல்லின் உட்பையில் இருக்கும் மிதமான அமிலமே அதற்குத் திறவுச் சமிக்ஞை. கொன்றபின் இறைச்சியில் அமிலம் கூடும்போது தசையில் இருக்கும் கோமாரி வைரஸ் அழிவதும் இதனால்தான். ஆக, உறையில்லாத கூடு எதைத் தாங்கும், எதற்கு உடையும் என்பதை அது பயணம் செய்யும் பாதை தீர்மானிக்கிறது. மறுபக்கமும் பார்க்கலாம். பெரியம்மை வைரஸுக்கு உறை உண்டு. ஆனாலும் உதிர்ந்த பொருக்குகளில் ஆண்டுக்கணக்கில் அது பிழைத்திருந்திருக்கிறது. ஹெபடைடிஸ் பி வைரஸுக்கும் உறை உண்டு. உலர்ந்த இரத்தத்தில் ஒரு வாரம்வரை தொற்றும் திறனோடு இருக்கும். உறை இருந்தால் மெலிது, இல்லாவிட்டால் வலிது என்பது மருத்துவமனைக் கிருமிநீக்கத்துக்கு ஒரு நல்ல தொடக்க விதி. இயற்கையின் சட்டமாக அதை எடுத்துக்கொள்ள முடியாது.

இரண்டாவது எதிர்ப்பு இதைவிட ஆழமானது. உறையற்றது என்ற வகைபாடே உண்மையில் நிற்குமா? 2013இல் ஸ்டான்லி லெமன் குழுவினர் ஹெபடைடிஸ் ஏ பற்றி வெளியிட்ட முடிவு பலரையும் திகைக்கவைத்தது. நோயாளியின் இரத்தத்தில் சுற்றும் அந்த வைரஸ், செல்லிலிருந்து எடுத்துக்கொண்ட சவ்வுக்குள் பதுங்கியிருக்கிறது. எதிர்ப்புரதங்கள் அதை எளிதில் கண்டுகொள்வதில்லை. கல்லீரலிலிருந்து பித்தநீரில் இறங்கும்போது பித்த உப்புகள் அந்தப் போர்வையைக் கழற்றிவிடுகின்றன. மலத்தில் வெளியேறுவது வெறும் கூடு. ஹெபடைடிஸ் இயும் இதே போலத்தான். போலியோ வகை வைரஸ்களும் ரோட்டா, நோரோவும் செல்லைக் கிழித்துக்கொண்டு மட்டுமே வெளியேறுகின்றன என்ற பழைய கருத்தும் இப்போது தளர்ந்துவிட்டது. கூட்டங்கூட்டமாகச் சவ்வுப் பைகளில் ஏறியும் அவை வெளியேறுகின்றன. வகைபாட்டைத் தூக்கியெறியச் சொல்லும் சான்றாக நான் இதைப் பார்க்கவில்லை. இந்த இரவல் போர்வையில் வைரஸின் சொந்தப் புரதம் எதுவும் முளைத்திருப்பதில்லை. உள்ளே நுழையும் வேலை கடைசியில் கூட்டின் தலையில்தான் விழுகிறது. ஒளிய வேண்டிய இடத்தில் போர்வை, தாங்க வேண்டிய இடத்தில் வெறுங்கூடு, நுழைய வேண்டிய இடத்தில் திறக்கும் கூடு. பாதைதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்ற வாதத்துக்கு இது எதிர்ச்சான்று ஆகாமல் துணைச்சான்றே ஆகிறது.

தடுப்பூசிகளின் உலகில் இந்த இழுபறி விலை கேட்கிறது. சாக்கடை நீரில் வாரக்கணக்கில் பிழைத்து, மும்பையில் 2001 முதல் கழிவுநீரைச் சோதித்தே கண்காணிக்கப்படும் போலியோ வைரஸை, உறுதிக்கு உதாரணமாகவே எல்லோரும் சொல்வார்கள். ஆனால் அதே வைரஸின் மெலிவூட்டிய வடிவமான சொட்டுமருந்து, நம் தடுப்பூசித் திட்டத்தில் வெப்பத்துக்கு மிக எளிதில் கெட்டுப்போகிற மருந்து. நீண்டகாலச் சேமிப்புக்கு அதை உறைநிலையில் வைக்க வேண்டும். மக்னீசியம் குளோரைடு சேர்த்து நிலைப்படுத்த வேண்டும். வெப்பம் பட்டதை நிறமாற்றத்தால் காட்டும் குறியீடு 1996இல் முதலில் ஒட்டப்பட்டதும் இதன் குப்பிகளில்தான். முரண் என்று தோன்றலாம். திறக்கக் காத்திருக்கும் கூடு, வெயிலையும் திறவுச் சமிக்ஞையாக எடுத்துக்கொள்கிறது என்று கண்டால் முரண் மறைகிறது. கொல்லப்பட்ட வைரஸால் ஆன ஊசிமருந்திலும் இதே நுட்பம் உண்டு: சூடுபட்ட கூடு விரிந்து வேறு வடிவம் எடுத்துவிட்டால், நோயைத் தடுக்கும் எதிர்ப்புரதங்களை அது உண்டாக்குவதில்லை. நம் உடல் அடையாளம் கண்டுகொள்ள வேண்டியது திறவாத கூட்டின் மேற்பரப்பை. சென்னையின் சித்திரை வெயிலிலும் ராமநாதபுரத்துக் கிராமங்களிலும் ஐஸ் பெட்டியைத் தோளில் சுமந்து நடந்த செவிலியர்கள் காத்தது அந்தத் திறவாத வடிவத்தைத்தான். அந்த உழைப்பின் பலனாகவே 2011 ஜனவரிக்குப் பிறகு இந்தியாவில் இயற்கைப் போலியோ வைரஸால் ஒரு குழந்தைகூட முடமாகவில்லை. 2014 மார்ச்சில் போலியோ ஒழிந்த பகுதி என்ற சான்றும் கிடைத்தது.

பாப்பிலோமா தடுப்பூசி இதே பண்பை வேறு பக்கத்திலிருந்து பயன்படுத்துகிறது. ஒரே புரதம் தானாக இணைந்து கூடாகும் என்பதால், மரபுப்பொருள் இல்லாத வெற்றுக்கூட்டை ஆய்வகத்திலேயே செய்துவிடலாம். ஜியான் ஜோவும் இயன் ஃபிரேசரும் 1991இல் ஆஸ்திரேலியாவில் இதைச் செய்துகாட்ட, 2006இல் தடுப்பூசி வந்தது. ஒரு புற்றுநோயையே தடுக்கும் மருந்து இப்படி வெற்றுக்கூட்டிலிருந்து பிறந்திருக்கிறது. போலியோவுக்கும் கோமாரிக்கும் இதே வழியை முயன்றபோது தடை வந்தது. அவற்றின் வெற்றுக்கூடுகள் நிலைக்கவில்லை. உள்ளே தாங்கிப்பிடிக்க ஆர்.என்.ஏ. இல்லாததால் எளிதில் விரிந்து பயனற்ற வடிவமெடுத்தன. ஆராய்ச்சியாளர்கள் புரதத்தில் தேர்ந்த சில இடங்களை மாற்றி, துண்டுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றும்படி செய்தார்கள். 2013இல் கோமாரிக்கு அப்படியொரு நிலைத்த வெற்றுக்கூடு தயாரானது. 2017இல் செடிகளில் வளர்த்த போலியோ வெற்றுக்கூடும் வெளியானது, பின் ஈஸ்ட்டிலும் அது சாத்தியமானது. உயிருள்ள போலியோ வைரஸைத் தொழிற்சாலையில் பெருமளவில் வளர்க்காமலே தடுப்பூசி செய்ய முடிவதன் அருமை, அந்நோயை ஒழித்து முடிக்கப்போகும் தலைமுறைக்குத் தெரியும். இந்தக் கூடுகள் இயற்கைக் கூட்டைவிட வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்குகின்றன. இத்தனை உறுதியை வைரஸே ஏன் கோடிக்கணக்கான தலைமுறைகளில் எட்டவில்லை என்ற கேள்விக்கு இந்தத் தடுப்பூசியின் வடிவமைப்பிலேயே விடை இருக்கிறது: இந்தக் கூடு எந்தச் செல்லுக்குள்ளும் போய்த் திறக்க வேண்டியதில்லை.